டயர் மாட்ட 150 ரூபாயா? டவுன் கணக்கும் மலைக் கணக்கும்

டயர் மாட்டக் கடைக்காரர் 150 ரூபாய் கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். இந்தக் கட்டுரையின் முதல் பாதிக்கு விடை அவ்வளவுதான். நேரம் இல்லாதவர்கள் இங்கேயே அடுத்த பக்கம் போய்விடலாம். ஆனால் உங்க ஊர் புதூர்நாடு மாதிரி மலைமேல இருந்தா போகாதீங்க, இரண்டாவது பாதி உங்களுக்குத்தான்.

"மெக்கானிக்கல் படிக்கிறோம், ஒரு பைக் டயரைக் கழட்டி மாட்ட முடியாதா?" என்பது ஹாஸ்டலில் மாதம் ஒருமுறையாவது காதில் விழும் வசனம். முடியும். முடியுமா என்பது கேள்வியே இல்லை. லாபமா என்பதுதான் கேள்வி. நாலாவது செமஸ்டரில் பரீட்சைக்காக மட்டும் படித்துவிட்டு மறந்த 'பிரேக் ஈவன்' கணக்கை இதில் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் கூலி, பஸ் கட்டணம், சாமான் விலை எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்க ஊர் விலையை எடுத்து அந்த இடத்தில் போட்டுக்கோங்க, முறை மாறாது.

முதலில் டவுன் கணக்கு. வண்டி ஒரு 100 சிசி ஸ்பிளெண்டர் வகை, ஸ்போக் ரிம், டியூப் டயர். வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓடுகிறது. பின் டயர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, முன் டயர் நாலு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். ஆக நாலு வருஷத்தில் மூன்று முறை டயர் மாட்டும் வேலை. கடையில் ஒரு முறைக்கு 150 ரூபாய் என்றால் மொத்தம் 450.

நாமே செய்ய என்ன வேணும்? டயர் லீவர் மூன்று, கால் பம்ப் ஒன்று, காற்று பார்க்கும் கேஜ், ஆக்சில் நட்டுக்குச் சரியான ரிங் ஸ்பானர், வால்வு பின் கழட்டும் சாவி, பஞ்சர் ஒட்டும் சாமான். எல்லாம் சேர்த்து 1500 ரூபாய் என்று வைப்போம். 1500-ஐ 150-ஆல் வகுத்தால் 10. பத்து டயர் மாட்டினால்தான் போட்ட காசு திரும்பும். நாலு வருஷத்துக்கு மூன்று வீதம் பத்து டயர் என்றால் 13 வருஷம் ஆகும்.

இதிலும் ஒரு செலவை நாம் இன்னும் சேர்க்கவில்லை. புதிதாகக் கற்றுக்கொள்பவர் லீவரால் டியூபைக் கிள்ளி ஓட்டை போடுவது சகஜம். நாலு முறைக்கு ஒருமுறை கிள்ளுகிறோம், டியூப் விலை 300 என்று வைத்தால் ஒவ்வொரு முறைக்கும் சராசரியாக 75 ரூபாய் அபராதம். அப்போ நமக்கு மிச்சம் 150 இல்லை, 75 தான். பிரேக் ஈவன் இருபது டயருக்குத் தள்ளிப்போகிறது. 26 வருஷத்துக்கு மேல். வண்டி அதற்குள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

இன்னொரு கோணம். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரி இல்லாமல் 1500 ரூபாய் விலையுள்ள டயரில் அது 150 ரூபாய் வித்தியாசம். நாம வெயிலில் குந்தி ரெண்டு மணி நேரம் மல்லுக்கட்டி மிச்சம் பிடிக்கிற அதே தொகை, பில்லைச் சரியாகப் பார்த்து வாங்கினாலே கிடைத்துவிடுகிறது. அதனால் டவுனில் இருப்பவர்கள் பஞ்சர் கடை அண்ணனிடம் 150 ரூபாயைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

இப்போ மலைக்கு வருவோம்.

புதூர்நாடு ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று மலை ஊராட்சிகள். ஒவ்வொன்றிலும் குக்கிராமங்கள் தள்ளித் தள்ளி இருக்கும். எந்தப் பெரிய வேலையாக இருந்தாலும் வளைவுகளில் இறங்கித் திருப்பத்தூருக்கு வரவேண்டும். மேலே பைக் என்பது ஊர் சுற்றும் வண்டி இல்லை. சாமை மூட்டை, புளி மூட்டை, ரேஷன் அரிசி, காய்ச்சல் வந்த குழந்தை, பரீட்சைக்குப் போகிற தங்கச்சி, எல்லாம் அதில்தான். அந்த வண்டி பஞ்சர் ஆகி நின்றால் நிற்பது வண்டி மட்டும் இல்லை.

புதூர்நாட்டில் கடைக்குப் பக்கத்தில் வீடு, கடையும் திறந்திருக்கிறது என்றால் டவுன் கணக்குதான், விடையும் அதேதான். நான் சொல்வது கடையிலிருந்து தள்ளி இருக்கிற குக்கிராமத்துக்கும், இருட்டின பிறகு நடக்கிற பஞ்சருக்கும். அங்கே கூலி ஒரு சின்ன வரி. பெரிய வரி போக்குவரத்தும் போன நேரமும்.

சக்கரத்தைக் கழட்டி, பஸ்ஸில் ஏற்றி, கீழே கொண்டுபோய் ஒட்டி, திரும்ப வருவதாக வைப்போம். பஞ்சர் கூலி 80. பஸ் போக வர 80. நேரத்துக்கு என்ன விலை? "வீட்ல சும்மாதானே இருந்தான்" என்று சொல்லி நேரத்தைப் பூஜ்யம் ஆக்கிவிடுவதுதான் இந்த மாதிரி கணக்குகளில் வழக்கமாக நடப்பது. அப்படி விடக்கூடாது. 100 நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-இல் அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். அதில் பாதி நாள் என்றால் 168. மொத்தம் 80 + 80 + 168 = 328 ரூபாய். நாமே ஒட்டினால் பேட்ச், சொல்யூஷன் 20 ரூபாய். ஒரு பஞ்சருக்கு மிச்சம் 308.

அதே 1500 ரூபாய் சாமான். 1500-ஐ 308-ஆல் வகுத்தால் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்தாவது பஞ்சரில் காசு திரும்பிவிட்டது. முள்ளும் கல்லும் உள்ள பாதையில் வருஷத்துக்கு மூன்று பஞ்சர் என்றால் இரண்டு வருஷம்கூட ஆகாது. இதையே ஐந்து வீடு சேர்ந்து ஒரு செட் வாங்கி வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 15 பஞ்சர். நாலே மாதத்தில் முதல் திரும்பிவிடும், வீட்டுக்கு முதலீடு 300 ரூபாய்தான். டவுனில் 26 வருஷம் ஆன கணக்கு, இங்கே நாலு மாதம். சாமானும் அதே, கையும் அதே. தூரம் மட்டும்தான் மாறியது.

கவனித்தீர்களா, இரண்டாவது கணக்கில் நான் டயர் மாற்றுவதைப் பேசவே இல்லை, பஞ்சரைத்தான் பேசினேன். வேண்டுமென்றேதான். டயர் தேய்வது மாசக்கணக்கில் நடக்கிற விஷயம். பட்டன் தேய்ந்துகொண்டே வருவது கண்ணுக்குத் தெரியும். இரு சக்கர வண்டிக்குக் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் இருக்கணும் என்பது மோட்டார் வாகன விதி. மலைப்பாதையில் மழைக்காலத்தில் அதுவரை காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, அது என் கருத்து. எப்படியும் டயர் வாங்கக் கீழே போய்த்தான் ஆகணும். போகிற அன்றைக்கே கடையில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டால் தனிப் போக்குவரத்துச் செலவு இல்லை. ஆனால் பஞ்சர் சொல்லிவிட்டு வராது. ஆகவே மலையில் இருப்பவருக்கு என் கணக்கு சொல்வது: டயரைக் கடையில் மாட்டுங்கள், டியூபைக் கழட்டி ஒட்டி மாட்டும் வேலையை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் கைவேலை ஏறக்குறைய ஒன்றுதான். டியூப் வேலைக்கு ஒரு பக்க பீடைக் கழட்டினால் போதும், அதனால் பாதி எளிது.

இதில் எல்லாவற்றையும் விடச் செலவு பிடிக்கிற வழி ஒன்று உண்டு. காற்று இறங்கின சக்கரத்திலேயே "மெதுவா போயிடலாம்" என்று ஓட்டுவது. ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் டயர் பக்கவாட்டில் மடங்கி மடங்கி உள்ளே நூல் அறுந்துவிடும், டியூப் வால்வோடு கிழியும், ஸ்போக் ரிம் என்றால் கோணலும் ஆகலாம். 20 ரூபாய் வேலை இரண்டாயிரத்துக்குப் போய்விடும். வளைவில் இறங்கும்போது டயர் ரிம்மை விட்டு நழுவினால் என்ன ஆகும் என்பதைக் கணக்கில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதவில்லை.

சரி, வேலையைப் பார்ப்போம். கையில் பலம் இருக்கிறவருக்கு இது எளிது என்று நினைப்போம். உண்மையில் இது வடிவியல். டயரின் உள் விளிம்பில், அதாவது பீடில், எஃகுக் கம்பி வளையம் இருக்கிறது. அது நீளாது. 18 அங்குல டயர் என்றால் அந்த வளையத்தின் விட்டம் சுமார் 457 மில்லிமீட்டர். அது தாண்டவேண்டிய ரிம் விளிம்போ, பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரம், ஆக விட்டத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பெரியது. நீளாத சின்ன வளையம் பெரிய விளிம்பை எப்படித் தாண்டும்? ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அதுக்குத்தான். ஒரு பக்கத்தில் பீடை அந்தப் பள்ளத்துக்குள் முழங்காலால் அழுத்தி இறக்கினால், எதிர்ப்பக்கத்தில் அந்த அளவுக்குத் தளர்வு கிடைக்கும். அந்தத் தளர்வில் லீவர் சுலபமாக ஏறும். 30 சென்டிமீட்டர் லீவரில் நெம்புமுனை 2 சென்டிமீட்டர் என்றால் நம்ம கைபலம் 15 மடங்கு ஆகிறது. அதுக்கு மேலும் மூச்சுப் பிடிக்க வேண்டியிருந்தால், எதிர்ப்பக்கம் பீடு பள்ளத்தில் இல்லை என்று அர்த்தம். இன்னும் பெரிய கம்பியைத் தேடாமல் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள்.

இந்தப் பள்ளத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1888-இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்று டயர் செய்தார். அவருடைய டயர் ரிம்மோடு ஒட்டிச் சுற்றப்பட்டது, பஞ்சர் ஆனால் பிரித்து ஒட்டுவது பெரும்பாடு. 1890-இல் வெல்ச் என்ற ஆங்கிலேயர் விளிம்பில் கம்பி வைத்த டயருக்கும் நடுவில் பள்ளம் வைத்த ரிம்முக்கும் காப்புரிமை வாங்கினார். 1891-இல் மிஷ்லின் சகோதரர்கள் கழட்டி மாட்டக்கூடிய சைக்கிள் டயரைக் கொண்டுவந்தார்கள், அதைப் போட்டு ஓட்டின சார்ல்ஸ் தெரோன் அந்த வருஷம் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பந்தயத்தில் ஜெயித்தார். அதாவது, வழியில் ஒருத்தர் தானே கழட்டி ஒட்டணும் என்ற தேவைதான் டயரின் வடிவத்தையே தீர்மானித்தது. கடைக்காரர் செய்யும்போது அது வித்தை மாதிரித் தெரிகிறது. நாம செய்வதற்காகவேதான் அது அப்படி வடிவமைக்கப்பட்டது.

கழட்டும் வரிசை. மெயின் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரத்துக்கு அண்டைக்கல் வையுங்கள். பின் சக்கரம் என்றால் பிரேக் ராடு நட்டு, பிரேக் பிளேட்டைப் பிடித்திருக்கிற ஆங்கர் ராடு, அதற்குப் பிறகு ஆக்சில். கழட்டுகிற ஒவ்வொரு புஷ், வாஷரையும் வந்த வரிசையிலேயே ஒரு துணிமேல் வையுங்கள், அல்லது போனில் படம் எடுங்கள். வால்வு பின்னைக் கழட்டிக் காற்றை முழுசாக வெளியேற்றி, வால்வு நட்டையும் எடுத்தபின் பீடை ரிம்மிலிருந்து பிரிக்கணும். காலால் மிதித்தால் பல டயர் பிரிந்துவிடும். அடம் பிடித்தால், சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்து இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டை டயரின்மேல் ரிம் ஓரமாக ஊன்றி அந்த வண்டியைச் சாய்த்தால் அதன் எடையே வேலையைச் செய்யும். மூங்கில் தட்டோ பழைய சாக்கோ கீழே போடுங்கள், ஹப்பும் டிரம்மும் கல்லில் இடிக்காது.

லீவரை வால்வுக்குப் பக்கத்தில் ஆரம்பியுங்கள். மாட்டும்போது வால்வுக்கு நேர் எதிரில் ஆரம்பித்து வால்வுக்குப் பக்கத்தில் முடியுங்கள். ஏன் என்றால் வால்வு இருக்கும் இடத்தில் டியூபும் அதன் தண்டும் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருக்கும், பீடு அங்கே இறங்காது. அதனால் தளர்வு அதற்கு எதிரில்தான் கிடைக்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

டியூபைக் காற்றடித்துத் தண்ணீரில் முக்கினால் ஓட்டை எங்கே என்று தெரியும். அதைவிட முக்கியம், ஓட்டை எதனால் என்பது. டியூபை டயர்மேல் அதே நிலையில் வைத்துப் பார்த்து, நேர் எதிரில் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவுங்கள். முள் அங்கேயே இருந்தால் ஒட்டின பத்தாவது நிமிஷம் மறுபடி பஞ்சர். இரண்டு ஓட்டை பக்கத்துப் பக்கத்தில் இணையாக இருந்தால் முள் இல்லை, காற்று குறைவாக இருந்து கல்லில் ரிம் இடித்துக் கிள்ளியிருக்கிறது. ஸ்போக் பக்கம் ஓட்டை என்றால் ரிம் டேப் நகர்ந்திருக்கும். ஒட்டும்போது உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஈரம் போய்ப் பிசுபிசுப்பு வரும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டு ஈரத்திலேயே ஒட்டினால் பிடிக்காது.

மாட்டுவதற்கு முன் டியூபில் அதன் உருவம் நிற்கிற அளவுக்குக் கொஞ்சம் காற்று விடுங்கள், மடங்காது, லீவருக்குக் கீழேயும் வராது. பீடில் சோப்புத் தண்ணி தடவுங்கள். கிரீஸ், ஆயில் வேண்டாம், ரப்பர் கெடும். காற்று அடித்ததும் டயரின் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு இடத்தில் அமுங்கியிருந்தால் காற்றை இறக்கி, மறுபடி சோப்புத் தண்ணி போட்டு அடிக்கணும். டயரின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதையும் இப்போதே பாருங்கள், ஆக்சில் போட்டபிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

காற்று எவ்வளவு? வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஸ்பிளெண்டர் வகையில் பின் டயருக்கு ஒருவர் மட்டும் போக 28 பி.எஸ்.ஐ., பின்னால் ஆள் இருந்தால் 40. மூட்டை ஏற்றுகிற வண்டியில் 28-ஏ வைத்துக்கொண்டு கல் ரோட்டில் ஓட்டுவதுதான் மேலே சொன்ன இரட்டை ஓட்டைக்குக் காரணம். சிலர் "கீழே அடித்த காற்று மலைமேல கூடிடும், அதனால குறைச்சு அடி" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இதே ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சென்னையை விடச் சுமார் 1.2 பி.எஸ்.ஐ. குறைவு, கேஜ் அவ்வளவு கூடுதலாகக் காட்டும். ஆனால் டயர் 10 டிகிரி குளிர்ந்தால் சுமார் 1.4 பி.எஸ்.ஐ. இறங்கிவிடும். இரண்டும் கிட்டத்தட்டக் கழிந்துபோகிறது. திருப்பத்தூரே கடல்மட்டத்திலிருந்து உயரத்தில் இருப்பதால் அங்கிருந்து ஏறுவதற்கு இன்னும் குறைவு. ஸ்டிக்கரில் உள்ளதையே அடியுங்கள்.

டியூப்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி. முள்ளைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் செருகிப் பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடலாம், சக்கரத்தையே கழட்ட வேண்டாம். அலாய் வீல் வண்டி வைத்திருக்கும் மலைக்காரர், ரிம் டியூப்லெஸுக்கு ஏற்றதா என்று கேட்டுவிட்டு, அடுத்த டயரை அப்படி வாங்குவது மேலே போட்ட எல்லாக் கணக்கையும் விட மலிவு. ஆனால் டியூப்லெஸ் டயர் புதிதாக மாட்டும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். பீடு ரிம்மில் உட்கார ஒரே மூச்சில் நிறையக் காற்று வேணும், அதற்குக் கடை கம்ப்ரஸர்தான் சரி, கால் பம்ப் திணறும்.

கடைசியாக, மிச்சம் பிடித்த 308 ரூபாயை ஒரே நொடியில் அர்த்தமில்லாமல் ஆக்கக்கூடிய இடம். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது ஆங்கர் ராடை மாட்ட மறந்தால், பிரேக் பிடித்தவுடன் பிரேக் பிளேட்டே சக்கரத்தோடு சுழன்று ராடை இழுத்து முறுக்கும். சமதரையில் அது ஒரு செலவு. திருப்பத்தூர் நோக்கி இறங்குகிற வளைவில் அது வேற விஷயம். அதனால் வரிசையாகத் தொட்டுப் பாருங்கள்: ஆங்கர் ராடு நட்டும் அதன் ஸ்பிளிட் பின்னும், ஆக்சில் நட்டு, செயின் தளர்வு, பிரேக் ராடு நட்டு. ஆக்சில் நட்டுக்கு எவ்வளவு முறுக்கு என்று வண்டிக் கையேட்டில் இருக்கும். டார்க் ரென்ச் இல்லாதவர்களுக்கு ஒரு அளவு: 30 சென்டிமீட்டர் ஸ்பானரின் முனையில் 15 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் சுமார் 44 நியூட்டன் மீட்டர். கையேட்டு எண்ணை இதோடு ஒப்பிட்டு அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றி, பிரேக் மிதித்து நிற்கிறதா என்று மூன்று தடவை பாருங்கள். முதல் ஐந்து கிலோமீட்டரை மேட்டுப் பக்கமாகவோ சமதரையிலோ ஓட்டுங்கள். நிறுத்தி, ஆக்சில் நட்டை ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பார்த்து, காற்றை அளந்து பாருங்கள். இரண்டும் அப்படியே இருந்தால் மலை இறங்கலாம்.